தெளிவாகத் தெரிந்த கேமரா

காலையில் டிப்போவுக்கு வந்ததும் டிரைவர் செய்கிற முதல் வேலை கண்ணாடி துடைப்பது. வண்டி கழுவுகிறவர் ஏற்கெனவே துடைத்துத்தான் வைத்திருப்பார். அது போதாது. பையில் மடித்து வைத்திருக்கும் பனியன் துணியை எடுத்து, பஸ்ஸின் முன்கண்ணாடியை உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் அழுத்தித் தேய்ப்பார். முதல் நடை முடிந்ததும் மறுபடியும் தேய்ப்பார். கழுவுகிறவருக்கு இதில் மனத்தாங்கல். நான் என்ன சேற்றைப் பூசியா அனுப்புகிறேன் என்று கண்டக்டரிடம் முறையிட்டார். வைப்பர் ரப்பரை மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் டிரைவர் கண்ணாடியையே மாற்றித் தரச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார். போர்மேன் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தெருக்கோடி வரைக்கும் பார்த்தார். இந்தக் கண்ணாடிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

குறைச்சல் கண்ணாடியில் இல்லையோ என்ற நினைப்பு டிரைவருக்கு வராமல் இல்லை. வந்த மாத்திரத்தில் விரட்டிவிடுவார். அதற்கு அவரிடம் தக்க காரணமும் இருந்தது. மனைவி ஊசியில் நூல் கோக்க முடியாமல் வந்து நின்றால் இவர்தான் வாங்கி ஒரே குத்தில் கோத்துக் கொடுப்பார். மாத்திரை அட்டையின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை வெறும் கண்ணால் படிப்பார். இவர் வயசுக்காரர்கள் எல்லாரும் மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திண்டாடுகிறார்கள். இவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு என்ன வந்துவிடப் போகிறது? தூரத்தில் இருப்பதுதான் கொஞ்ச காலமாகக் கரைந்தாற்போல் தெரிகிறது. அதற்குத் தூசி காரணம், புகை காரணம், எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிற மாதிரி லைட் போடுவது காரணம்.

மனசு இப்படி ஆயிரம் சமாதானம் சொன்னாலும் கால் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு பிரேக்கைத் தேடியது. ஒரு காலத்தில் நேரம் தவறாமல் வண்டியைக் கொண்டு சேர்ப்பவர் என்று பேர் எடுத்தவர் இப்போது ஊர்ந்தார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். டிப்போவில் அவருக்கு ‘ஆமை’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டார். மெதுவாகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள். காலையில் அப்பாவின் வண்டியில்தான் போவாள், அதுவும் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கும் முன் சீட்டில். அவள் ஏறிவிட்டால் ஆமை இன்னும் மெதுவாகப் போகும்.

அடுத்த மாதம் கண் பரிசோதனை வருகிறது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. டிரைவர்கள் எல்லாருக்கும் வருஷா வருஷம் நடப்பது. ஒரு அறையின் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, தள்ளி நின்று படிக்கச் சொல்வார்கள். போன வருஷம் இவர் வரிசையில் வேண்டுமென்றே பின்தங்கி நின்றார். முன்னால் போனவர்கள் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டு, அட்டையை அடி வரி வரைக்கும் நெட்டுருப் போட்டுவிட்டார். முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி வரியை இத்தனை வேகமாக யாரும் படித்ததில்லை என்று சோதித்தவர் பாராட்டவே செய்தார். அன்றைக்கு வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதைவிட மோசம் என்பது இவர் கட்சி. இவரோடு கூட வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் அதில் தேறவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டும் வண்டி கிடைக்காமல், டிப்போ கேட்டில் உட்கார்ந்து குறுக்குக் கட்டையைத் தூக்குகிறார். ஒவ்வொரு வண்டியும் வெளியே போகும்போது எழுந்து கயிற்றை இழுத்துவிட்டு, பழைய சிநேகிதர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே இவர் கேட்டைத் தாண்டும்போது மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

இப்படி அவர் உள்ளுக்குள் அல்லாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் மனைவிக்கு கேமரா ஆசை வந்தது.

அந்த அம்மாள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர். நாள் முழுக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற முகங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்காரும் பறவைகளைப் பார்ப்பதுதான் அவருக்கு இளைப்பாறல். போனில் படம் எடுத்துப் பார்த்தார். பெரிதாக்கினால் பறவை கரும்புள்ளியாகக் குழம்பியது. ஞாயிற்றுக்கிழமை போட்டோ வகுப்பு ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு யாரையும் கேட்காமல் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்பு மாஸ்டர் சொல்லி அனுப்பினார். பழையதாக இருந்தாலும் பாதகமில்லை. கையில் பிடித்துப் பாருங்கள், விரல் பட்டனுக்கு எட்டுகிறதா, கழுத்தில் மாட்டினால் கனம் தாங்குகிறதா என்று பாருங்கள். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் காட்சி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதை நான் சொல்லித் தருகிறேன் என்றாராம்.

இவ்வளவு லேசான காரியத்தை, சுற்றி இருந்தவர்கள் பெரும்பாடாக்கினார்கள். மெகாபிக்ஸலை மட்டும் பார், மீதியெல்லாம் வெறும் பேச்சு என்று அம்மாளின் தம்பி போனில் அடித்துச் சொன்னான். உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவே வந்துவிட்டது, இனிமேல் டி.எஸ்.எல்.ஆரை யார் தொடுவார்கள் என்றார் கண்டக்டர். போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆளாளுக்கு அளந்தார்கள். அளந்தவர்களில் ஒருவரிடமாவது கேமரா இருந்ததா என்றால் அதுதான் இல்லை. அந்த அம்மாளுக்குத் தூக்கம் கெட்டது. ஆசைப்பட்டு ஒன்று கேட்பதே எப்போதோ ஒரு முறை, அதையும் தப்பாக வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று மறுகினார். முடிவில் பாரத்தைத் தூக்கிப் புருஷன் தலையில் வைத்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. தினமும் ரோட்டைப் பாத்துப் பழகின கண்ணு. உங்களுக்குத் தெளிவா தெரியறதை வாங்கிக்கலாம்."

அவருக்குப் பகீரென்றது. சரி என்று தலையை ஆட்டினார்.

கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்டவர். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பார்ப்பார். மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். இரண்டு புதுசு. மூன்றாவது, கடைக்குத் தேவையான படங்களை எடுக்க அவரே வைத்திருந்தது. நன்றாக உழைத்தது, இன்னும் உழைக்கும், லென்ஸோடு சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்றார். அதற்குள் யாரோ பேட்டரி கேட்டு வர, அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த அம்மாள் முதல் கேமராவைக் கண்ணில் வைத்து, கடை வாசல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நல்லா இருக்குங்க என்று இவரிடம் கொடுத்தார். இவர் வாங்கி வைத்துப் பார்த்தார். எதிர்க்கடையின் போர்டு, தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி ஊறிக் கிடந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியேதான் இருந்தது. இரண்டாவதும் அதே கதி. சட்டைக்குள் வேர்த்தது. துடைப்பதற்கு இங்கே பஸ் கண்ணாடி இல்லை, திட்டுவதற்கு வண்டி கழுவுகிறவர் இல்லை. கேமரா கண்ணோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. தப்பித்துக்கொள்ள வழியே இல்லாத மாதிரி இருந்தது அவருக்கு.

மூன்றாவதை, வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்க்கடை போர்டில் இருந்த எழுத்து ஒவ்வொன்றும் வெட்டி ஒட்டியது போல் நின்றது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த போன் நம்பர் தெரிந்தது. மாடிக் கம்பியில் காய்ந்த சட்டையின் பொத்தான் தெரிந்தது. எத்தனை மாதமாக இப்படிப் பார்க்கவில்லை! அவருக்கு அழுகை வரும் போல் இருந்தது. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அந்த இரண்டும்தான் மட்டமான சரக்கு என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"எனக்கு மங்கலா இருக்கேங்க."

"உனக்குப் பாக்கத் தெரியல. இன்னொரு கண்ணை நல்லா மூடிக்கிட்டுப் பாரு."

மூடிக்கொண்டு பார்த்தார். அப்போதும் மங்கல்தான். ஆனால் புருஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முதல் கேமரா கைக்கு அடக்கமாக இருந்ததையும், இது கழுத்தை இழுப்பதையும் சொல்ல வாயெடுத்து, பழகினால் சரியாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டார். கடைக்காரர் திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. வந்த விலைக்குப் போகிறது என்று அவரும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் டிரைவர் ஒரு புது மனுஷராக வேலைக்குப் போனார். கண்ணாடியைத் துடைக்காமலே ஒரு நாள் வண்டியை எடுத்தார். வேகமும் கொஞ்சம் கூடியது. தூரம் கரைந்துதான் தெரிந்தது, ஆனால் அது கண்ணின் குற்றம் இல்லை என்பதற்கு இப்போது கேமராவே சாட்சி இருக்கிறதே.

அந்த அம்மாளுக்கோ வினோதமான அவஸ்தை. வியூஃபைண்டரில் எல்லாம் கலங்கித் தெரிகிறது, குத்துமதிப்பாகப் பட்டனை அழுத்தினால் படம் என்னவோ கண்ணாடி மாதிரி விழுகிறது. குருடன் கல்லெறிந்த கதையாக எடுத்துத் தள்ளினார். தொட்டியில் உட்கார்ந்த பறவையின் கால் விரல் வரைக்கும் படத்தில் வந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நம்பி, இதை யாரிடமும் சொல்லவும் கூச்சப்பட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புருஷனின் பஸ் வருகிற ரோட்டோரத்தில் போய் நின்றார். பஸ் வந்தது. ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடி மறு கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு படம் எடுத்தார். பஸ் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

சாயங்காலம் கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தப் படத்தைக் காட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். பஸ் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தாற்போல் முன்னால் குனிந்து, நெற்றியைச் சுளித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, நேராகக் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த அந்த முகத்தில் அடையாளம் கண்ட சுவடே இல்லை.

"என்னையேதான் பாக்கறீங்க, ஆனா கண்டுக்கவே இல்லையே. டியூட்டின்னா பொண்டாட்டிகூடத் தெரியாதா?" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

ரோட்டில் நெரிசல், கவனிக்கவில்லை என்று ஏதோ சொல்லி வைத்தார். சோறு இறங்கவில்லை. அவள் அங்கே நின்றாள், கையை ஆட்டினாள், அந்தப் பச்சைப் புடவையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறார். அவர் அங்கே யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போன அம்மாள் வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். கோளாறு கேமராவிலும் இல்லை, தன்னிடமும் இல்லை என்றார். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு திருகு சக்கரம் இருக்கிறதாம். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு பவர் இருக்கும் இல்லையா, கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க வசதியாக அந்தச் சக்கரத்தைத் தங்கள் கண்ணுக்குத் தக்கபடி திருகிக்கொள்ளலாமாம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். மாஸ்டர் வாங்கிப் பார்த்த உடனே, இதை வைத்திருந்தவருக்குத் தூரப் பார்வை ரொம்ப மோசமாக இருந்திருக்கும் போலிருக்கிறதே என்று சொல்லிச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்தாராம். அந்தக் கடைக்காரர்தான் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரராயிற்றே.

சொல்லிக்கொண்டே வந்தவர், பையைக் கழற்றி மேசையில் வைக்கும்போது பாதியில் நிறுத்தினார்.

"அப்ப கடையில உங்களுக்கு மட்டும் எப்படி..."

அந்த அம்மாள் கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் நிறுத்தினார். அவர் கண்ணில் வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது. அதன் விளிம்பில் இருந்தது பறவையா, சிமெண்டுப் பூச்சா என்று சொல்ல முடியவில்லை. மனைவியின் விரல் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் சக்கரத்தைத் திருகத் தொடங்கியது. பறவைகளுக்கு மெல்ல விளிம்பு கட்டியது. இங்கே முன்னால் நின்று உரக்கப் படிக்க ஆளில்லை, நெட்டுருப் போட அட்டை இல்லை. பொய் சொல்லிவிடலாம், ஒரே வார்த்தைதான்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

திருகினார்.

"இப்போ?"

"இன்னும்."

சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கப் போகும் இடத்தில்தான் பறவைக்கு அலகு வந்தது. அவர் கேமராவை இறக்கினார். மனைவியை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நேத்து எனக்கு நீ தெரியவே இல்ல," என்றார்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். அவர் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்த கதை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் தேவலை. அவர் பேசி முடிக்கும்வரை மனைவி உள் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மகள் நாளைய வகுப்புக்கு வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ தினமும் உங்க வண்டியிலதானே போறா," என்றார்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். டிப்போ இன்ஸ்பெக்டரை அழைத்து, நாளைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன், எனக்குக் கண் சரியில்லை, உடனே சோதிக்க வேண்டும் என்றார். போன வருஷம் எப்படித் தேறினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதையும் சொன்னார். காலையில் நேரே டாக்டர் அறைக்கு வாருங்கள், அப்புறம் என்னைப் பாருங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அந்த 'அப்புறம்' என்ன என்று அவர் கேட்கவில்லை. கட்டை தூக்கும் கயிறு கண் முன்னால் ஆடியது. அதைவிடப் பெரிய தண்டனையும் வரலாம் என்று பட்டது.

திங்கட்கிழமை காலை அவர் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். அப்பா ஏன் டியூட்டிக்குப் போகவில்லை என்று அவளுக்கு அம்மா என்ன சொல்லியிருந்தாளோ, அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாரோ ஓட்டிவரும் தன் வண்டிக்காக அவர் பயணியாகக் காத்து நின்றது இதுதான் முதல் தடவை.

"வந்துருச்சுப்பா நம்ம வண்டி."

"எங்கே?"

"அதோ, ஸ்கூல் கேட்டுப் பக்கத்துல. குழந்தைங்க ரோட்டைத் தாண்டுறாங்க, அதுக்காக நிக்குது."

அவர் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கோடியில் பஸ்ஸின் நிறம் மட்டும் ஒரு தீற்றலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது.